கீறல் விழாத சப்போட்டா

சத்தியநாதன் வாங்கும் சம்பளம், குறை கண்டுபிடிப்பதற்காகத் தரப்படும் சம்பளம். ஆம்பூருக்கு வெளியே ஒரு தோல் ஃபேக்டரியில் அவர் செலெக்ஷன் பார்க்கிறார். பதனிட்டு, சாயம் ஏற்றி, மினுக்கி முடித்த தோல்கள் கட்டுக் கட்டாக அவர் மேசைக்கு வரும். சாய்வான மேசை, தலைக்கு மேல் நாலு டியூப்லைட். ஒரு தோலை விரிப்பார், உள்ளங்கையால் தடவுவார், கண்ணை ஒரு சுற்று ஓட்டுவார். அந்த ஆடு எந்த முள்வேலியில் உரசியது, எங்கே உண்ணி கடித்தது, கடைசியில் உரித்தவனின் கத்தி எங்கே தவறியது, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். தோலின் பின்பக்கம் சாக்பீசால் ஒரு எண் போடுவார். ஒன்று என்றால் வெளிநாட்டு ஷூ. ஆறு என்றால் ஷூவுக்குள்ளே யார் கண்ணிலும் படாத லைனிங். அதற்கும் கீழே ரிஜெக்ஷன். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை. அவர் ஒன்று போட்ட தோலை வேறு யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள்.

இந்தப் பழக்கம் ஃபேக்டரி கேட்டோடு நிற்கவில்லை. வீட்டில் தட்டில் விழும் தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பார். பொன்மலரைப் பெண் பார்க்கப் பாகாயத்துக்குப் போனபோது அவர் பேசியது ஒரே வாக்கியம். “இந்த டம்ளர் விளிம்புல ஒரு நசுங்கல் இருக்கு.” பொன்மலர் அப்போதுதான் நர்ஸிங் முடித்திருந்தார். “டம்ளரத்தான சொன்னாரு, என்ன ஒண்ணும் சொல்லலியே” என்று கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். இப்போது ஆம்பூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சீனியர் ஸ்டாஃப். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘சிஸ்டர்’.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சத்தியநாதன் ஒரு சப்போட்டாக் கன்று வாங்கினார். பள்ளிகொண்டா போகும் வழியில் ஒரு நர்சரி. மாங்கன்று கேட்கத்தான் போனார். நர்சரிக்காரர் ஒரு சப்போட்டாவைக் கையில் கொடுத்து, “இது உங்க ஊரு உப்புத் தண்ணியயும் தாங்கும் சார்” என்றார். சத்தியநாதன் காதில் அது விழவில்லை. அவர் பழத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நூபக் என்று ஒரு தோல் உண்டு. மேல் பரப்பை மெல்லத் தேய்த்துத் தேய்த்துப் பட்டுபோல ஆக்கியிருப்பார்கள். விரலை வைத்தால் விரல் திரும்பி வர மனசு வராது. அதே தோல் ஒரு மரத்தில் காய்க்கும் என்பதை ஐம்பது வயது நெருங்கும்வரை யாரும் தனக்குச் சொல்லவில்லையே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

வீட்டு முன்னால் பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். நடுவில் நட்டார். அரிசி களைந்த தண்ணீர், கேன் தண்ணீரில் மிச்சம், எல்லாம் அதற்குத்தான். ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழே துளிர்த்தால் அது அடிக்கன்றான பாலை மரத்துத் துளிர், கிள்ளிவிட வேண்டும் என்று நர்சரியில் சொல்லியிருந்தார்கள். கிள்ளினார். அதோடு நின்றிருக்கலாம். காலையில் ஃபேக்டரிக்குக் கிளம்பும் முன் இலைகளையும் செலெக்ஷன் பார்க்க ஆரம்பித்தார். பூச்சி அரித்த இலை, ஓரம் கருகிய இலை, நடுவில் புள்ளி விழுந்த இலை எல்லாவற்றையும் பறித்துப்போட்டார். இரண்டாவது வருஷம் முடியும்போது கன்றில் பதினோரு இலை இருந்தது. பதினொன்றும் முதல் தரம்.

“இன்னாங்க இது, றெக்க புடுங்குன கோழி மாரி நிக்குது?” என்றார் பொன்மலர்.

சத்தியநாதன் கன்றை ஃபோட்டோ எடுத்து நர்சரிக்காரருக்கு அனுப்பினார். அவர் உடனே ஃபோன் செய்தார். “ஆடு மேஞ்சிடுச்சா சார்?”

“இல்ல. நான்தான்.”

நர்சரிக்காரர், இலைதான் மரத்துக்கு வாய் என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். சத்தியநாதன் அதற்குப் பிறகு இலையைத் தொடவில்லை. காலையில் கிளம்பும்போது மரத்தைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார். மரம் தேறியது.

மரத்துக்கு வந்த உண்மையான ஆபத்து தண்ணீரால் வந்தது.

அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள், விடியற்காலை ஒரு மணி நேரம். போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. ஆகையால் அந்த ஒரு மணி நேரத்தில் பொன்மலர் ஆறு டிரம், எட்டுக் குடம், இரண்டு அண்டா, கடைசியில் குக்கர்வரை பிடித்து வைத்துவிட்டு, ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு ஏழு மணி டியூட்டிக்கு ஓட வேண்டும். அவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. ஊசி போடுகிற கை, குடம் தூக்கித் தூக்கி நடுங்க ஆரம்பித்தது. போன வருஷம் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

“சம்ப் கட்டணும். தரைக்கு அடியில ஒரு தொட்டி, தண்ணி தானா எறங்கிக்கும்.”

பின் தெருவில் இருக்கிற ஆபித் பாஷா மேஸ்திரி வந்து டேப்பைப் பிடித்து அளந்தார். வீட்டுக்குப் பின்னால் செப்டிக் டேங்க். ஒரு பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். இன்னொரு பக்கம் ஒரு ஆள் நுழையும் சந்து. அவர் முன்பக்கம் வந்து மரத்தடியில் நின்றார்.

“இங்கதான் சிஸ்டர் வரும்” என்றார். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தார். “பூ ஜாஸ்தியா வெச்சிருக்கே.”

பொன்மலரும் பூவைப் பார்த்தார். சத்தியநாதன் பொன்மலரைப் பார்த்தார். பொன்மலர் நியாயமான மனுஷி. தை கடைசியில் அவர்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டில் விளைந்ததை ஆலயத்துக்குக் கொண்டுபோய் மேசையில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஏலம் எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுவார். அதை வைத்து ஒரு நிபந்தனை சொன்னார்.

“இத பாருங்க. இந்த வருஷம் பண்டிகைக்கு இந்த மரத்துப் பழம் ஒரு தட்டு வையுங்க. அதச் சாப்ட்டுட்டு ‘நல்லா இருக்கு’ன்னு ஒருத்தர் சொல்லட்டும். மரம் இருந்துட்டுப் போவட்டும். சொல்லலன்னா இங்க குழி எடுக்குறோம். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது.”

“யார் சொல்லணும்?”

“யாரோ ஒருத்தர். ஆனா வாயில வெச்சு சொல்லணும். தட்டப் பாத்து சொன்னா செல்லாது.”

சத்தியநாதன் ஒப்புக்கொண்டார்.

நாற்பத்துமூன்று காய் பிடித்தது. கோலிக்குண்டு அளவு இருந்தபோதே சத்தியநாதன் ஏணி போட்டு ஏறி, ஃபேக்டரிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். குறையில்லாத காய்க்கு வெள்ளை நூல். தழும்பு, சொறி, கிளை உரசிய தடம் இருந்தால் சிவப்பு நூல். மார்கழி முடியும்போது வெள்ளை நூலில் ஒன்பது நின்றது. மற்ற முப்பத்துநாலும் சிவப்பு. அவற்றை அவர் அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்பதையும் பொத்திப் பொத்தி வளர்த்தார். சப்போட்டாக் காயின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு தூள் படிந்திருக்கும். அழுக்கு என்று நினைத்தார். ஃபேக்டரியிலிருந்து ஒரு மெத்தென்ற துணி கொண்டுவந்து, தினமும் காலையில் ஏணியில் ஏறி ஒவ்வொரு காயையும் வட்டம் வட்டமாகத் துடைத்தார். பதினைந்து நாளில் ஒன்பதும் ஷோகேஸில் வைத்த ஷூ மாதிரி ஆனது.

பண்டிகைக்கு முந்தின வாரம் ஆபித் பாஷா அந்தப் பக்கம் வந்தவர் ஏணியைப் பார்த்து நின்றார். அவருடைய அப்பா ஒரு காலத்தில் பேரணாம்பட்டுப் பக்கம் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்தவர்.

“இன்னா அண்ணே, காயிக்குப் பாலிஷா போடுறீங்க?”

“தூசி ஜாஸ்தி.”

“தூசியா? அய்யய்யோ. அது தன்னால உதுரணும் அண்ணே. தொட்டா உதுந்துச்சுன்னா காய் முத்திடுச்சின்னு அர்த்தம். அத வெச்சுத்தான கண்டுபுடிப்பாங்க. நீங்க தொடச்சே எடுத்துட்டீங்களே.”

சத்தியநாதன் ஏணியிலேயே நின்றார். “அப்ப எப்பிடித் தெரியறது?”

“நகத்தால லேசாக் கீறிப் பாருங்க. உள்ள பச்ச தெரிஞ்சா விட்டுடணும். மஞ்சளா தெரிஞ்சா பறிச்சிடணும். பச்சையிலயே பறிச்சா அவ்ளோதான், ரம்ஜான் வந்தாலும் பழுக்காது.”

“கீறுறதா?”

“ஆமா. நகம் இருக்குல்ல?”

“கீறல் விழுந்தா அது இன்னா கிரேடு தெரியுமா மேஸ்திரி?”

“அண்ணே, சாப்புடற பொருளு. வாயிக்குள்ள போயிட்டா கீறல யாரு பாக்கப் போறா?”

“மேசையில பாப்பாங்க.”

ஆபித் பாஷா தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் சத்தியநாதன் கட்டைவிரல் நகத்தை ஒரு காயின் மேல் வைத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை லட்சம் தோலில் எத்தனை கீறலைக் கண்டுபிடித்திருப்பார் என்று அவருக்கே தெரியாது. தன் கையால் ஒன்றுகூடப் போட்டதில்லை. நகத்தை எடுத்து, பின்னால் கைகட்டிக்கொண்டார். நல்ல பெரிதாக இருக்கின்றன, பளபளப்பாக இருக்கின்றன, முத்தாமலா இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமை ஒன்பதையும் காம்போடு பறித்தார். காம்பிலிருந்து பால் வடிந்தது. அதையும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பூசணிக்காய், கரும்பு, வாழைத்தார், கால் கட்டிய சேவல் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒன்பது சப்போட்டாவும் ஒரு வெள்ளித் தட்டில் இருந்தன. அழுத்திப் பார்த்தால் கல் மாதிரி. ஆனால் படைத்த பொருளை யார் அழுத்திப் பார்க்கிறார்கள்? பிள்ளைகள் தட்டைச் சுற்றி நின்று இது மெழுகா என்று கேட்டார்கள். ஏலத்தில் போட்டி நடந்து, கடைசியில் மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ரெனால்ட் எடுத்தார். “ரெண்டு நாள் வெச்சிருந்து சாப்புடுங்க பிரதர்” என்றார் சத்தியநாதன்.

பத்து நாள் கழித்து ரெனால்ட் ஒரு மஞ்சள் பையோடு வந்தார்.

“ஸ்தோத்திரம் பிரதர்.”

“ஸ்தோத்திரம். உள்ள வாங்க.”

ரெனால்ட் உட்கார்ந்து பையை மேசைமேல் வைத்தார். டொக்கென்று சத்தம் கேட்டது. “தப்பா எடுத்துக்கக் கூடாது பிரதர். அரிசியில வெச்சோம். பழுக்கல. வைக்கோல்ல வெச்சோம். பழுக்கல. என் சம்சாரம் வாழப்பழத்தோட சேத்து மூடி வெச்சா. வாழப்பழம் அழுவிப் போச்சு. இது அப்பிடியே இருக்கு.”

“சாப்ட்டுப் பாத்தீங்களா?” என்று பொன்மலர் கேட்டார்.

“நேத்து ஒண்ண அறுத்து வாயில போட்டேன் சிஸ்டர். நாக்கு மேல போயி ஒட்டிக்கிச்சு. ஒரு மணி நேரம் பேச்சு வரல. வீட்ல எல்லாரும் நிம்மதியா இருந்தாங்க.”

சத்தியநாதன் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். தோல் சுருங்கியிருந்தது. கத்தியால் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தார். இந்தத் துவர்ப்பு அவருக்குத் தெரியும். கடுக்காயின் துவர்ப்பு. பச்சைத் தோலைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தால் அது இறுகிப் பதமாகும். இப்போது அவருடைய நாக்கு பதமாகிக்கொண்டிருந்தது. தோல் தரப்பில் நின்று இந்த வேலையை அவர் இதுவரை யோசித்துப் பார்த்ததில்லை. துண்டைத் துப்பவும் இல்லை. மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

“ரிஜெக்ஷன்.”

ரெனால்ட் போனதும், பொன்மலர் கேட்கும் முன்பே, அவரே ஆபித் பாஷாவுக்கு ஃபோன் செய்தார். “மேஸ்திரி, சனிக்கெழம வந்து குழி எடுங்க. மரத்த வெட்ட ஆளும் இட்டுனு வாங்க.” சொல்லிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். அது பொன்மலருக்குக் கொடுத்த வாக்கு. சாதாரணமாக வைக்க ரொம்பச் சிரமப்படும் முகம் எப்படி இருக்கும் என்று பொன்மலர் அந்த மூன்று நாளும் பார்த்தார்.

சனிக்கிழமை காலை ஆபித் பாஷா கடப்பாரை, மண்வெட்டி, மரம் அறுக்கும் ஆள் ஒருவர் சகிதம் வந்தார். வந்தவர் மரத்தைப் பார்த்து, “காய இன்னும் பறிக்கலியா அண்ணே?” என்றார்.

“அது செவப்பு நூலு. ரிஜெக்ஷன்.”

ஆபித் பாஷா காது கேளாதவர்போலக் கையை நீட்டி, தாழ இருந்த ஒரு காயைப் பிடித்தார். யாரும் துடைக்காத காய். கையில் தூள் உதிர்ந்தது. கேட்காமல் கொள்ளாமல் நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தார். சத்தியநாதனின் தோள் தானாக ஒரு தடவை குலுங்கியது.

கீறலுக்குள் மஞ்சள்.

“இதுங்க பதினஞ்சு நாளு ஜாஸ்தியா மரத்துலயே இருந்துட்டுதுல்ல, முத்திடுச்சு” என்றார் ஆபித் பாஷா. “சிஸ்டர், இத பறிச்சு வெச்சா நாலு நாள்ல பழுத்துடும். பிஞ்சும் பூவுமா நிக்குற மரத்துல கை வெக்க எனக்கு ஒரு மாரியா இருக்கு. எனக்கு வாணியம்பாடியில ஒரு வேல கெடக்கு. புதன்கெழம வர்றனே?”

“பேச்சு பேச்சுதான் மேஸ்திரி” என்றார் பொன்மலர்.

“நான் பேச்ச மாத்தச் சொல்லல. புதன்கெழம வெட்டலாம்னு சொல்றேன்.”

பொன்மலர் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். அது சம்மதம்தான் என்று ஆபித் பாஷா எடுத்துக்கொண்டு, கடப்பாரையை ஆட்டோவில் ஏற்றினார். ஏறும்போது சொன்னார். “எல்லாத்தயும் பறிச்சிடாதீங்க அண்ணே. ஒண்ணு ஒண்ணா கீறிப் பாத்துப் பறிங்க. செலெக்ஷன் பாக்குற ஆளு நீங்கதான?”

ஆட்டோ போனபிறகு சத்தியநாதன் ஏணியை எடுத்துச் சாய்த்தார். ஃபேக்டரிக்கு லீவு சொன்னார். இருபத்தெட்டு வருஷத்தில் தலைவலிக்குக்கூட லீவு போடாத ஆள் என்பதால் சூப்பர்வைசர் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். “காய் கீறணும்” என்றார் சத்தியநாதன்.

முதல் கீறல் சரியாக விழவில்லை. நகம் வழுக்கியது. இரண்டாவது ஆழமாகிவிட்டது. ஐந்தாவது காயிலிருந்து கை பழகியது. ஓர் அங்குல நீளம், மேல் தோல் மட்டும், காம்புக்குப் பக்கத்தில், எல்லாக் காயிலும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில். மத்தியானத்துக்குள் முப்பத்துநாலையும் பார்த்து முடித்தார். இருபத்திரண்டு மஞ்சள், பன்னிரண்டு பச்சை. பச்சைகளை மரத்திலேயே விட்டார். மற்றதை அரிசி டிரம்மில் புதைத்தார். அன்று முழுக்க அவருடைய கட்டைவிரல் நகத்தில் பிசுபிசுப்பு இருந்தது. அவர் அதைக் கழுவவில்லை.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் அவர் டிரம்மைத் திறக்கவில்லை. புதன்கிழமை காலை பொன்மலருக்கு வார ஓய்வு. சோற்றுக்கு அரிசி எடுக்க டிரம்மின் மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். வெல்லம் காய்ச்சுகிற இடத்தைக் கடந்து போவதுபோல வாசனை. அரிசிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். முகம் முழுக்கத் தழும்பு, ஒரு பக்கம் சொறி, காம்படியில் ஒரு கீறல். அழுத்தினார். விரல் உள்ளே போனது. நின்றபடியே இரண்டாகப் பிட்டுச் சாப்பிட்டார்.

சத்தியநாதன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“எப்பிடி இருக்கு?”

பொன்மலர் வாயைத் திறக்கப் போனார். திறந்தால் என்ன வார்த்தை வரும் என்று அவருக்குத் தெரிந்தது. யார் சொன்னாலும் செல்லும் என்று சொன்னவர் அவர்தான். வாயை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுத்தார்.

“விதை பெருசா இருக்கு” என்றார்.

“ம்.”

மூன்றாவதைச் சாப்பிட்டார். “தோல் ஒரே சொறி.”

“ஆமா.”

“கீறல் வேற விழுந்திருக்கு.”

“அது நான் போட்டது.”

நான்காவது பழத்தை முடித்துவிட்டு, கொட்டைகளை வரிசையாக மேடைமேல் வைத்தார். சத்தியநாதன் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அவசரமில்லை; ஆபித் பாஷா பத்து மணிக்குத்தான் வருவார். பொன்மலர் கையைக் கழுவினார், புடவையில் துடைத்தார், ஃபோனை எடுத்தார்.

“மேஸ்திரி, பொன்மலர் பேசுறேன். எங்க கெளம்பிட்டீங்களா? ஒண்ணு கேக்கணும். ஹாலுக்குள்ள குழி எடுத்தா செவுரு தாங்குமா?”

அந்தப் பக்கம் ஆபித் பாஷா ஏதோ நீளமாகச் சொன்னார்.

“பேஜாரெல்லாம் பாத்தா முடியாது. தாங்குமா தாங்காதா, அத சொல்லுங்க.”

தாங்கும் என்றார். நாலடிக்கு ஐந்தடி, நடு ஹாலில், சுவரைத் தொடாமல். மூடி எங்கே வரும் என்று பொன்மலர் கேட்டார். சோபாவுக்கு அடியில் வரும் என்றார் ஆபித் பாஷா. பொன்மலர் ஃபோனைக் கீழே வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தார்.

“தண்ணி வர்ற அன்னிக்கெல்லாம் சோபாவ நீங்கதான் தூக்கணும். நான் கை வெக்க மாட்டேன்.”

“சரி.”

“எனக்கு நாளைக்கு டியூட்டிக்குப் பத்துப் பழம் வேணும். நல்லதாப் பாத்து எடுத்து வைங்க.”

சத்தியநாதன் அரிசிக்குள் கையை விட்டார்.

சம்ப் கட்டி முடிக்க மூன்று வாரம் ஆனது. ஹாலில் சோபாவை நகர்த்திப் போட வேறு இடம் இல்லை என்பது தண்ணீர் வந்த முதல் நாள்தான் தெரிந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குச் சத்தியநாதனும் ரத்தக் கொதிப்பு உள்ள பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து அதை வாசல் வழியாகச் சாய்த்து வெளியே கொண்டுபோய் மரத்தடியில் போட்டார்கள். வேறு இடம் இல்லாததால் வாரா வாரம் அங்கேதான் வருகிறது. சத்தியநாதன் உள்ளே மூடியைத் திறந்து ஹோஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பொன்மலர் வெளியே சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, டியூட்டிக்கு முன்னால் ஒரு முழு டம்ளர் காபியை ஆற அமரக் குடிப்பார்.

போன வாரம் அந்த வழியாகப் போன ஆபித் பாஷா பைக்கை நிறுத்தி, “இன்னா சிஸ்டர், ரோட்டுக்கே வந்துட்டீங்க?” என்று கேட்டார்.

“தண்ணி வந்திருக்கு மேஸ்திரி” என்றார் பொன்மலர். கொஞ்சம் நகர்ந்து அவருக்கும் இடம் விட்டார்.